கம்பவுண்டர் ஞானமுத்துவின் முப்பது நிமிடம்

ஜூலை 5, சனி

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. ஒன்பதாம் வகுப்பு புவியியல் விடைத்தாள் 41, திருத்தியது 12. காவிரி எங்கே உற்பத்தியாகிறது என்றால் மைசூரு என்கிறான் ஒருவன்.

நாலு மணிக்கு வழக்கம்போல் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் கூட்டம். மொத்தமே மூன்று பேர்: நான், ராபின்சன் அண்ணன் (இனி ரா., முழுப் பெயர் எழுதக் கை வலிக்கிறது), வித்யா. ரா. ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் பரிசோதித்து ரிட்டயர் ஆனவர். வித்யாவுக்கு வைட்ஃபீல்டில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை, சொந்த ஊர் திருப்பத்தூர், வயது இருபத்தொன்பது. எங்களைச் சேர்த்து வைத்தது ஒரு கொலை. எங்கள் பேட்டைக்குக் காக்ஸ் டவுன் என்ற பெயரே வராத காலம், விக்டோரியா ராணி ஆட்சி. இதே ரோட்டில் பியானோ சொல்லிக்கொடுத்துப் பிழைத்த பெம்பர்டன் துரைசாணியை ஒரு ஞாயிறு மாலை யாரோ அடித்துக் கொன்றுவிட்டார்கள். யார் என்று கடைசிவரை தெரியவில்லை. போலீஸ் விட்டதை நாங்கள் மூன்று வருஷமாக விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

ரா. கட்சி: பக்கத்து வீட்டு மேஜர். வித்யா கட்சி: துரைசாணியின் அண்ணன் மகன். என் கட்சி: வாராவாரம் மருந்து கொண்டுவந்து கொடுத்த கம்பவுண்டர் ஞானமுத்து. மூன்று வருஷமும் ஆளுக்கு ஒரு ஓட்டு. இன்று வித்யா மாறிவிட்டாள்!

"ஆன்ட்டி, எல்லா டைமையும் எக்ஸெல்ல போட்டுப் பாத்துட்டேன். அந்த அண்ணன் பையன் அன்னிக்கி மெட்ராஸ்லதான் இருந்திருக்கான். நான் உங்க கம்பவுண்டருக்கு வந்துடுறேன்."

2–1. ரா. முகம் போன போக்கு! இரண்டு முறுக்கை ஒரே வாயில் போட்டுக் கடித்தார். ஆனாலும் பெரிய மனுஷர்தான். எங்கள் சர்ச் சபையின் ஆண்டு விழா மலர் அவர் பொறுப்பில்தான் வருகிறது.

"சரி எஸ்தர்மா, தோத்தா தோத்ததுதான். பக்கம் இருபத்திமூணு உனக்கு. குத்தவாளி பேரோட எழுதிக் குடு. அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு பிரஸ்ஸுக்குப் போயாகணும்."

என் பெயர் அச்சில். இருபத்தெட்டு வருஷமாகப் பிறர் எழுதியதில் சிவப்பு மை அடித்ததைத் தவிர நான் ஒன்றும் எழுதியதில்லை. சந்தோஷம் தாங்கவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

வெயில், நடுநடுவே மேகம். ஆராதனை முடிந்ததும் ஏழு பேரிடம் கட்டுரை விஷயத்தைச் சொன்னேன். எட்டாவதாகத் தலைமை ஆசிரியைக்கு போன். ஓவர்தான். பரவாயில்லை.

பிற்பகல் எழுத உட்கார்ந்தேன். சாட்சியங்கள், பழைய செய்தித்தாள் நகலில் உள்ளபடி:

– சர்ச்சில் முதல் மணி ஆறுக்கு. அப்போது ஆயா விளக்குக்கு எண்ணெய் வாங்கக் கிளம்பினாள். துரைசாணி உயிரோடு இருந்தாள்.
– இரண்டாம் மணி ஆறரைக்கு. ஆயா திரும்பினாள். பிணம்.
– முதல் மணியின்போது கம்பவுண்டர் 14ஆம் எண் வீட்டைப் பூட்டிக்கொண்டிருந்தான். பார்த்தது பால்காரர்.
– இரண்டாம் மணியின்போது அதே ஆள் சர்ச்சில், பாடகர் குழுவில். பார்த்தது பாதிரியார்.

நடுவில் முப்பது நிமிடம். அந்த முப்பது நிமிடம்தான் என் மூன்று வருஷ உழைப்பு. 14ஆம் எண்ணிலிருந்து துரைசாணி பங்களாவுக்கு நாலு நிமிடம், அங்கிருந்து சர்ச்சுக்கு ஒன்பது. மீதி பதினேழு நிமிடம் தாராளம். ஸ்டாப்வாட்சோடு இதுவரை பதினோரு தடவை நடந்தாகிவிட்டது. 14ஆம் எண் இப்போது பெண்கள் தங்கும் பி.ஜி. அங்குள்ள செக்யூரிட்டி நம்மைப் பார்த்தாலே "மத்தே பந்த்ரா மேடம்?" என்கிறார். மறுபடியும் வந்தோம், ஐயா. வருவோம்.

இவர் (செல்வராஜ்) எட்டிப் பார்த்துவிட்டு: "அந்தம்மாவோட சொந்தக்காரங்களே மறந்திருப்பாங்க. நீங்க மூணு பேரும் இன்னும் துக்கம் விசாரிச்சுட்டு இருக்கீங்க."

ஜூலை 8, செவ்வாய்

வாங்க வேண்டியது: கேஸ் லைட்டர், ராகி மாவு, சிவப்பு பேனா ரீஃபில், இவருக்கு முழங்கால் தைலம்.

ஸ்டாஃப் ரூமில் இடைவேளை முழுக்க என் கொலைதான் பேச்சு. கணக்கு டீச்சர் இரண்டு காப்பி கேட்டிருக்கிறார்.

கட்டுரை முடிந்தது. தலைப்பு: 'கொலையாளி கம்பவுண்டரே!' ஆச்சரியக்குறி ஒன்று போதும் என்று இரண்டை அடித்துவிட்டேன். கடைசிப் பத்திதான் பிரமாதம். கொலை நடந்த ஒரு மாதத்துக்குள் அவன் பெண்டாட்டி பிள்ளைகளோடு கோலார் பக்கம் ஓடிப்போனான், அவன் கலக்கிய மருந்தை யாரும் தொடவில்லை, ஊருக்கே தெரிந்திருந்தது, இத்யாதி. இவரிடம் உரக்கப் படித்துக் காட்டினேன்.

"நல்லாதான் இருக்கு. பாவம் அந்தாளு."

"கொலகாரனுக்கு என்ன பாவம்?"

"பதில் பேச ஆளில்லையே, அதச் சொன்னேன்."

இவருக்கு எதையும் ரசிக்கத் தெரியாது. தோசைக்கு மட்டும் கூடுதல் சட்னி கேட்கத் தெரியும்.

ஜூலை 10, வியாழன்

மழை. பஸ் இல்லை. ஆட்டோக்காரர் ஒன்றரை மடங்கு கேட்டு, கன்னடத்தில் சண்டை போட்டதும் இறங்கி வந்தார்.

ஓசூரிலிருந்து தம்பி போன். நம் வீட்டுக்கு இ-காத்தா (கம்ப்யூட்டரில் ஏற்றிய சொத்துச் சான்று) எடுக்க வேண்டும், அப்பா காலத்துப் பத்திரத்தை ஸ்கேன் பண்ணி அனுப்பு என்றான். ஊரே இந்த இ-காத்தாவுக்காக அலைகிறது, நாம் மட்டும் தப்புவோமா? பீரோவின் அடித்தட்டில் இருந்து எடுத்தேன். பக்கம் பக்கமாக போட்டோ எடுத்துக்கொண்டே வந்தவள், சொத்து விவரம் பக்கத்தில் நின்றுவிட்டேன்.

'பழைய எண் 3, புதிய எண் 117.'

நம் வீடு ரோட்டின் இந்தக் கோடி, ரயில்பாதை ஓரம். அந்தக் காலத்தில் இதுதான் மூன்றாம் எண் என்றால், எண் இந்தப் பக்கத்திலிருந்துதான் தொடங்கியிருக்கிறது. பிற்காலத்தில் முனிசிபாலிட்டி தலைகீழாக மாற்றிவிட்டது. அப்படியென்றால் அந்த 14, இந்த 14 இல்லை. நாங்கள் பதினோரு தடவை வாட்ச் பிடித்தது வேறு யார் வீட்டு வாசலிலோ. ஞானமுத்துவின் வீடு இங்கே, நம் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம், இப்போது கறிக்கடை இருக்கிற இடம். பங்களா ரோட்டின் மறு கோடியில். அதில் சந்தேகமே இல்லை, பழைய வரைபடத்திலேயே பெயரோடு இருக்கிறது.

புவியியல் டீச்சராம் நான். வரைபடத்தில் திசை பார்க்காத பிள்ளைக்கு அரை மார்க் குறைப்பவள்.

அப்போது பால்காரர் சாட்சியில் யாருமே மதிக்காத ஒரு வரி நினைவுக்கு வந்தது. முதல் மணி அவருக்கு ஏன் ஞாபகம் என்றால், அந்த நேரத்தில் ரயில் வந்து மாடு மிரண்டு கயிற்றை அறுத்துக்கொண்டதாம். பி.ஜி. வாசலில் ரயில் சத்தமே கேட்காது, அதனால் பால்காரர் புளுகன் என்பார் ரா. நம் வீட்டிலோ ரயில் போனால் டம்ளர் ஆடும். மாடு உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது.

ஜூலை 11, வெள்ளி

பள்ளியில் அரை நாள் லீவு. காரணம்: தலைவலி. பொய்யில்லை.

கறிக்கடை வாசலிலிருந்து நடந்தேன். பங்களா இருந்த இடத்தில் உள்ள அபார்ட்மென்ட்டுக்கு 24 நிமிடம். அங்கிருந்து சர்ச்சுக்கு எப்போதும்போல் 9. ஆக 33. மறுபடி திரும்பி வந்து ஓட்டமும் நடையுமாக: 19, 7. மிச்சம் நாலு நிமிடம். சர்ச் வாசலில் பேச மூச்சில்லை. இஸ்திரி வண்டி அக்கா தண்ணீர் கொடுத்து, "ஏம்மா, யாராச்சும் துரத்துறாங்களா?" என்றாள். இப்படி ஓடிவந்த ஆள், அதுவும் ஒரு உயிரைக் கொன்றுவிட்டு வந்தவர், வேர்க்க விறுவிறுக்க நின்று கீர்த்தனை பாட முடியுமா? அருகிலிருந்த பாதிரியாருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாமல்?

அவர் செய்யவில்லை.

கட்டுரையை எடுத்துப் படித்தேன். 'ஓடிப்போனான்' என்று எழுதியிருக்கிறேன். ஓடவில்லை. அவர் கையால் மருந்து வாங்க ஆளில்லாமல் செய்து, ஊர் அவரை அனுப்பியிருக்கிறது. அதே ஊரில் அதே சர்ச் மலரில் நானும் அவரை இன்னொரு தடவை அனுப்பப் பார்த்தேன். வெட்கமாக இருக்கிறது.

இதையும் எழுதிவிடுகிறேன், யாரும் படிக்கப்போவதில்லை: மதியம் மூன்று மணியிலிருந்து நாலு வரை, சொல்லாமல் இருந்துவிடலாமா என்று யோசித்தேன். பத்திரம் என் பீரோவில். வேறு யார் பார்க்கப்போகிறார்கள்? ஏழு பேர், தலைமை ஆசிரியை, கணக்கு டீச்சர் கேட்ட இரண்டு காப்பி. ரா. வாழ்நாள் பூராவும் சொல்லிக் காட்டுவார். மூன்று வருஷத்தில் ஒரே ஒரு தடவை ஜெயித்தேன், அதுவும் ஆறு நாள்.

பிறகு இவர் சொன்னது நினைவுக்கு வந்தது. பதில் பேச ஆளில்லை. என்னை விட்டால் இன்று வேறு யார்?

ஜூலை 12, சனி

வெயில். துணி காய்ந்தது.

நாலு மணி. பத்திரத்தை மேஜையில் வைத்துச் சொல்லிவிட்டேன், ஒரே மூச்சில். வித்யா வாயைப் பிளந்தாள். ரா. கண்ணாடியைத் துடைத்து மாட்டி, பத்திரத்தை இரண்டு தடவை படித்தார். பிறகு தன் தொடையில் ஒரு தட்டு.

"நான் அப்பவே சொன்னேன்ல! மேஜர்தான்!"

"அங்கிள், ஒரு நிமிஷம்." வித்யா லேப்டாப்பைத் திருப்பினாள். "உங்க மேஜர் வீட்டு நம்பர் ஒம்போது. அதுவும் இந்தப் பக்கம்தான வரும்?"

பக்கத்து வீட்டுத் தகராறு என்பதுதான் ரா. கட்சி முழுவதும். மேஜர் இப்போது பக்கத்து வீடே இல்லை, இரண்டு கிலோமீட்டர் தள்ளி ரயில்பாதை ஓரத்துக்குக் குடிபோய்விட்டார். பாவம் ரா., முறுக்கைக்கூட எடுக்கவில்லை. முதலில் சிரித்தது வித்யாவா இவரா தெரியவில்லை. அப்புறம் ரா.வும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"மூணு வருஷம், எஸ்தர்மா. அந்த செக்யூரிட்டி நம்மளப் பத்தி என்ன நெனச்சிருப்பாரு?"

நாலே முக்கால். ஆறு மணிக்குப் பிரஸ். பக்கம் 23 காலி. கட்டுரையை எடுத்துவிட்டு ஏதாவது விளம்பரம் போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். மனசாரத்தான். ரா.வுக்குக் கோபம் வந்துவிட்டது.

"வெளம்பரமா? ஒரு மனுஷன் மேல இவ்ளோ வருஷம் பழி. அது இல்லன்னு இன்னிக்கித்தான் தெரிஞ்சிருக்கு. அத எழுதாம பேக்கரி வெளம்பரமா போடச் சொல்ற? உக்காரு. எழுது."

நான் சொல்லச் சொல்ல வித்யா டைப் செய்தாள், ரா. அடித்தல் திருத்தல். ஒரு வரிக்கு மூன்று சண்டை. மாட்டை வைக்க வேண்டும் என்று நான், சபை மலரில் மாடு எதற்கு என்று ரா. மாடு இருக்கிறது. யார் கொன்றது என்று எங்களுக்குத் தெரியாது என்றும், ஞானமுத்துவைக் குற்றவாளி என்று நாங்களும் நம்பினோம், அது தவறு என்றும் எழுதினோம். இவர் டீ போட்டுக் கொடுத்தார், சர்க்கரை தூக்கல். ஐந்து ஐம்பத்தைந்துக்கு அனுப்பினோம். கீழே மூன்று பெயர். வித்யா தன் பெயரை மூன்றாவதாகப் போடச் சொன்னாள். ரா. தன்னுடையதை முதலில். போகட்டும்.

தலைமை ஆசிரியையிடம் திங்களன்று சொல்ல வேண்டும்.

ஜூலை 13, ஞாயிறு

லேசான குளிர். வீட்டிலிருந்து சர்ச்சுக்கு இவரோடு நடந்தே போனேன், அவசரமில்லாமல், கறிக்கடையைத் தாண்டி. பதினைந்து நிமிடம். இரண்டாம் மணிக்கு முன்பே இடம் கிடைத்தது.

மணி அடித்தது. பாடகர் குழு எழுந்தது. பின்வரிசையில் கண்ணாடி போட்ட ஒருவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது, இவர் கைக்குட்டை கொடுத்தார். அந்த ஞாயிறு மாலை ஞானமுத்து வீட்டைப் பூட்டினார், சர்ச்சுக்கு நடந்தார், நின்று பாடினார். வேறொன்றும் செய்யவில்லை.