சாவடியில் சொல்லப் போகிறேன்

ஊத்துக்கோட்டை அருகில்
25-11-1971

அன்புள்ள தேசப்பனுக்கு,

இந்த அகாலத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள், பாப்பா இப்போதுதான் கண் மூடினாள், உங்கப்பாவும் தூங்கிவிட்டார், பகலில் எழுதினால் யாருக்கு என்ன என்று கேட்பார். நாங்கள் மூன்று பேரும் சுகம், பிலாய் குளிரில் நீ இருமாமல் சுகமாக இருக்கவேண்டும் என்று வீரராகவ சுவாமியை வேண்டிக்கொண்டிருக்கிறேன். பாப்பாவுக்குப் பேதி நின்றுவிட்டது, வேண்டிக்கொண்டபடி அமாவாசைக்குத் திருவள்ளூர் போய்க் குளத்தில் வெல்லம் கரைத்துவிட்டு வந்தோம், பஸ்ஸில் கூட்டம் சொல்லி முடியாது. நல்ல மழை, ஏரி ரொம்பிவிட்டது. இதையெல்லாம் சொல்லவா விளக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்று நீயே கேட்பாய், விஷயத்துக்கு வர எனக்குத்தான் கை வரவில்லை.

பிரசாதம் கொடுக்க உன் அருணகிரி மாமா வீட்டுக்குப் போனேன். அங்கே ஆறேழு மாதமாக செல்லி என்று ஒரு பெண் இருக்கிறாள், எட்டு ஒன்பது வயசு இருக்கும், பழவேற்காட்டுப் பக்கம் மீன் பிடிக்கிற குடும்பம், அப்பன் செத்துப்போனான், சோறு போட்டு வளர்க்கிறோம் என்று சொல்லி அழைத்து வந்தார்கள். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள், கையும் காலும் குச்சியாக இருந்தது. வெல்லத்தை நீட்டினேன், வாயில் போட்டுக்கொள்ளவில்லை, இடுப்பில் முடிந்துகொண்டு, அத்தை கேட்டா நீங்களேதான் குடுத்தீங்கன்னு சொல்லுவீங்களாம்மா என்றாள். அப்போதுதான் அவள் கெண்டைக்காலைப் பார்த்தேன் தேசு. ரெண்டு ரெண்டு கோடாக, ஒட்டினாற்போல், ஒரே நீளம், இடுக்கியைக் காய்ச்சி வைத்தால் எப்படி இருக்குமோ அப்படி, ஒரு ஜோடி ஆறிப்போனது, ஒரு ஜோடி இன்னும் சீழ் வைத்தது. இன்னாடி இது என்றேன். கால் தவறி அடுப்புல பட்டுடுச்சு என்றாள், பாடம் ஒப்பிக்கிற மாதிரி.

முத்தம்மா அத்தையைத் தனியாகக் கூப்பிட்டு மெதுவாகத்தான் கேட்டேன். அவ்வளவுதான், இன்னாம்மே காலேஜு படிச்சவ, மாத்தாந்தாய் நீ வந்து புள்ள வளக்கறது எப்படின்னு எனக்குச் சொல்லிக்குடுக்கிறியா, மூத்தா ஊட்டு ஜனங்க மேல இத்தினி வருசமா உனக்கு இருக்கிற எரிச்சல் தெரியாதா என்று தெரு கேட்கக் கத்தினாள். போன மாதம் செல்லியின் அம்மா பார்க்க வந்தபோது, பெண் சந்தைக்குப் போயிருக்கிறது என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்களாம், அதைப் பக்கத்து வீட்டு செங்கம்மாள் சொன்னாள், சொல்லிவிட்டு நான் சொன்னேன்னு வெளியே சொல்லிப்புடாத என்று கையைப் பிடித்துக்கொண்டாள். இப்போது ரெண்டு நாளாகச் செல்லி கிணத்தண்ட வரவில்லை. அவர்கள் வீட்டுக் கதவு உள்பக்கம் தாழ்.

அப்பாவிடம் சொல்லலாம் என்று சாப்பாடு போட்டபடி ஆரம்பித்தேன். அருணகிரி வீட்டில் என்றதுமே எச்சில் கையைத் தூக்கி நிறுத்தினார். சொல்லாத, நீ சொன்னா எனக்குத் தெரிஞ்சதாப் பூடும், ஊர்ல ஒரு குத்தம் நடந்துதுன்னு தெரிஞ்சா கிராம முன்சீப் நான், ஸ்டேஷனுக்கு எழுதியாவணும், எழுதாம வுட்டா நான் குத்தவாளி, எழுதினா தேசப்பன் அம்மா கூடப் பொறந்தவன் ஜெயிலுக்குப் போவான், என்னைப் பேஜாருல மாட்டாத என்றார். உங்கப்பா கெட்டவர் இல்லை, உனக்குத் தெரியும். அன்றைக்குச் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டார், அப்புறம் என் முகத்தையே பார்க்கவில்லை. தெரியாமல் இருக்க என்ன பாடு படுகிறார் பார்.

அதனால் நாளைக் காலை அவர் உட்கார்ந்து கணக்குப் பார்க்கிற சாவடிக்கே போய், தலையாரி நாகமுத்துவும் நாலு பேரும் இருக்கும்போது, வீட்டுக்காரரிடம் இல்லை, முன்சீப்பிடம், சத்தமாகச் சொல்லப் போகிறேன். அப்படிச் சொன்னால் காதில் விழவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. அதற்கும் அவர் எழுதவில்லை என்றால் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு நானே ஸ்டேஷனுக்குப் போவேன். பயமாகத்தான் இருக்கிறது, எழுத்து கோணினால் சிரிக்காதே.

இனி உன்னைக் கேட்க வேண்டியது. உன் அம்மா போன பிறகு நான் வரும்வரை நீ அந்த மாமா வீட்டில்தான் இருந்தாய். நான் வந்த வருஷம் தீபாவளிக்கு உனக்கு எண்ணெய் தேய்த்தபோது இடது கெண்டைக்காலில் ரெண்டு கோடு பார்த்தேன். கேட்டதற்கு, கால் தவறி அடுப்புல பட்டுடுச்சு என்றாய். இதே வார்த்தை. அன்று நான் புதுசு, உன்னை அழவைக்கக் கூடாதென்று எண்ணெயைத் தடவி மூடிவிட்டேன். இப்போது எல்லோரும் இது மாத்தாந்தாயின் வஞ்சம் என்றுதான் சொல்லுவார்கள், என் பேச்சு எடுபடாது, உன் பேச்சு எடுபடும். நீ சோறு தின்ற வீடு, உன்னால் எழுத முடியாமல் போனாலும் உன்மேல் எனக்குக் கோபம் வராது, நான் போவதும் நிற்காது. நிஜமாகவே அடுப்பில் பட்டதுதான் என்றால் அதையும் அப்படியே எழுது, ஒரு பொய்யை வைத்துக்கொண்டு நான் நிற்கக் கூடாது.

ராத்திரி ஷிப்டுக்குப் போகும்போது காதை மூடிக்கொண்டு போ, கம்பளியை வெயிலில் போடு. எந்தக் குறையும் அண்டாமல் நீ நன்றாக இருக்கவேண்டும், என் கண்ணே. அந்தத் தழும்பு எப்படி வந்தது என்று சீக்கிரம் பதில் எழுது.

உன் சின்னம்மா