எழுபத்தொன்பது டிகிரி மேற்கு

கடையைப் பூட்டாமலே போய்விட்ட என் அன்பானவருக்கு,

நீங்க போய் எட்டு மாதம் ஆகிறது. கடையை நான்தான் திறக்கிறேன். ஜெராக்ஸ் மெஷின் வழக்கம்போலப் பேப்பரைத் தின்கிறது. ஜாதகம் போட ஆட்கள் வருகிறார்கள், சின்ன காஞ்சிபுரத்தில் கல்யாணத்துக்கு என்ன குறைச்சல்? உங்க நாற்காலியில் உட்கார முதலில் கூச்சமாக இருந்தது. இப்போது பழகிவிட்டது.

இன்னொரு விஷயம்தான் பழகவில்லை. காலையில் ஜாதக சாஃப்ட்வேரைத் திறந்தால் பிறந்த ஊர் காஞ்சிபுரம் என்று நிற்கிறது. பன்னிரண்டு டிகிரி ஐம்பது நிமிஷம் வடக்கு, அதுவும் சரி. அடுத்து எழுபத்தொன்பது டிகிரி நாற்பத்திரண்டு நிமிஷம். அதன் பக்கத்தில் மட்டும் ‘மேற்கு’. கிழக்கு என்று மாற்றிவிட்டுப் பூட்டுவேன். மறுநாள் மறுபடி மேற்கு. ரிப்பேர்காரர் வந்து அந்த சாஃப்ட்வேரை மட்டும் அழித்துப் புதிதாக ஏற்றிக் கொடுத்தார். அதற்கு மறுநாளும் மேற்குதான். கடைச் சாவி என்னிடம் மட்டும்தான் இருக்கிறது.

மேஜை மேல் இருக்கிற உங்க பூகோள உருண்டையை எடுத்து அந்த மேற்கைத் தேடினேன். வருகிறவர்களுக்கெல்லாம் அதைச் சுற்றிக் காட்டுவீங்களே, படுக்கையாகப் போவது அட்சரேகை, மேலிருந்து கீழே வருவது தீர்க்கரேகை என்று. இல்லாத கோட்டை வைத்து ஊருக்கே கதை விடுறீங்க என்று ஒருமுறை கேலி செய்தேன். “கோடு எங்கியும் கெடையாதுதான் கௌரி. ஆனா நீ பொறந்த நேரத்துல கெழக்கால எந்த ராசி ஏறிக்கினு இருந்துச்சுன்னு அத வெச்சித்தான் சொல்ல முடியும்” என்றீங்க.

என் விரல் போய் நின்ற இடம் நடுக்கடல். ஊர் இல்லை, தீவு இல்லை, வெறும் நீலம். அதில் பால்பாயின்ட் பேனாவால் ஒரு புள்ளி வைத்திருந்தது. உங்க பேனா மைதான்.

அதே வாரம் உங்க அம்மா கேட்டார். “உன் ஜாதகத்த இன்னொரு வாட்டி போட்டுப் பாரும்மா. மனசு கேக்கல.” மகனைக் கொண்டுபோனது என் ஜாதகமா என்று அத்தை வாய்விட்டுக் கேட்கவில்லை. ஆனாலும் எனக்குக் கேட்டது.

தேடினால் கம்ப்யூட்டரில் என் பேரில் இரண்டு ஜாதகம். இரண்டும் நம் கல்யாணத்துக்கு முன், ஒரே மாலையில், பத்து நிமிஷ இடைவெளியில் போட்டவை. மூன்று கம்ப்யூட்டர் மாறியும் இரண்டையும் கூடவே கொண்டு வந்திருக்கீங்க. ராசியும் நட்சத்திரமும் இரண்டிலும் ஒன்றுதான், அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. முதலாவதில் கிழக்கு; துலா லக்னம், எட்டில் செவ்வாய். கட்டினவனுக்கு ஆகாது என்று ஊரே பயப்படுகிற செவ்வாய். இரண்டாவதில் மேற்கு, லக்னம் ரிஷபத்துக்குப் போய்விட்டது, எட்டாம் இடத்தில் செவ்வாய் இல்லை. அன்று அப்பா கையில் நீங்க கொடுத்தது இரண்டாவது.

செவிலிமேட்டிலிருந்து அப்பாவோடு வந்து கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன், ஞாபகம் இருக்கிறதா? மறுமாதம் நீங்களே பெண் கேட்டு வந்தீங்க. பாவம் என்று மாற்றினீங்களா, என்னைப் பார்த்துவிட்டு மாற்றினீங்களா?

அப்படியென்றால் பத்தொன்பது வருஷம் உங்களோடு குடும்பம் நடத்தியது யார்? நானா, அந்தக் கடலில் பிறந்தவளா? நான் காலையில் கடை திறக்கும்போது அவளுக்கு ராத்திரி. கம்ப்யூட்டரைப் போடும் முன் கறுத்த திரையில் என் முகம் தெரியும். சில நாள் அது ஈரத் தலையோடு என்னைப் பார்த்தது. நான் அன்று தலைக்குக் குளித்திருக்கவில்லை.

நேற்று இரண்டையும் பிரிண்ட் எடுத்தேன். மேற்கைக் கொடுத்தால் அத்தை மனசு ஆறும், என் மேல் பழி வராது. நீங்க தினமும் மாற்றி வைத்தது அதற்குத்தானே? ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்தவரிடம் இல்லாதவளின் ஜாதகத்தை நீட்ட எனக்குக் கை வரவில்லை. கிழக்கைக் கொடுத்தேன். நீங்க செய்ததையும் சொன்னேன்.

அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எட்டாம் கட்டத்தில் விரலை வைத்தார். ரொம்ப நேரம் அந்த விரல் நகரவே இல்லை.

“தெரிஞ்சேதான் கட்டிக்கினு வந்திருக்கான்” என்றார். “பத்தொம்போது வருஷம் நல்லாத்தானம்மா இருந்தான்.”

காகிதத்தை மடித்து சாமி அலமாரியில் வைத்துவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டார்.

நேற்று மாலை மேற்கு என்று இருந்ததை மாற்றாமலே பூட்டினேன். இன்று காலை திறந்தால் கிழக்கு. மூடித் திறந்து பார்த்தேன், கிழக்கேதான். எட்டு மாதமாக வராத அழுகை அப்போதுதான் வந்தது. நேற்று வரைக்கும் நீங்க கடைக்கு வந்து போய்க்கொண்டுதான் இருந்தீங்க, இல்லையா?

இனி யார் ஜாதகத்திலும் நான் கோட்டை மாற்ற மாட்டேன். எட்டில் செவ்வாய் என்று கலங்கி நிற்கிற பெண் வந்தால், உட்கார வைத்து நம் பத்தொன்பது வருஷத்தைச் சொல்வேன். உருண்டையில் இருக்கிற உங்க பேனாப் புள்ளியை மட்டும் அழிக்க மாட்டேன். இது சத்தியம்.

எழுபத்தொன்பது டிகிரி கிழக்கில் பிறந்த உங்க மனைவி,
கௌரி