கடலூரில் கேட்காத கரடி

குழாய்க்குள் குரலை விட்டுவிட்டுப் போன என் அந்தோணி மச்சானுக்கு,

குழாய்க்கடை நன்றாக ஓடுகிறது. மோட்டார் ஏஜென்சியும் எடுத்துவிட்டேன். ஆனால் அதைச் சொல்ல இதை எழுதவில்லை. மாட்டிக்கொண்டேன் மச்சான், உன் கரடிக்குள்.

நினைவிருக்கிறதா? டிவியில் பிள்ளைகள் கண் எடுக்காமல் பார்க்கும் கார்ட்டூன்களை நம் சிதம்பரத்துச் சமுதாய வானொலிக்குக் கொண்டுவரப் போகிறேன் என்று கடையில் வந்து நின்றாய். "அந்தக் கரடி டிவியில வாயே தொறக்காதுடா. வழுக்கி வுழும், எழுந்து போவும், அவ்ளோதான். ரேடியோவுல அத யாரு பாக்கறது?" என்று சிரித்தேன். நீ கீழே கிடந்த பிளாஸ்டிக் குழாய்த் துண்டை எடுத்து வாயில் வைத்து, "மச்சான், தேன் இருக்கா?" என்றாய். கல்லா அருகே நின்ற கொத்தனார் பயந்து திரும்பிப் பார்த்தார். கரடி பேச ஆரம்பித்தது அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் நீ டிராயிங் வாத்தியார், சனிக்கிழமை சாயங்காலம் கரடி.

காய்ச்சல் என்று படுத்தவன் எழவே இல்லை. உன்னைக் கடலூரில் அடக்கம் செய்துவிட்டுத் திரும்பிய வாரமே வானொலி நிலையத்துப் பெண் போன் செய்தாள். "சார், பசங்க கரடி எங்கன்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க. ஒரு நாளைக்கு நீங்க பேசுங்களேன்." குழாய்க்குள் போனால் எல்லார் குரலும் ஒன்றுதான். அதே துண்டை எடுத்துக்கொண்டு போய்ப் பேசினேன். வீட்டில் உன் மகள் ஜெனி கேட்டுக்கொண்டிருப்பாள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

"அப்பா செத்துப்போவல. ரேடியோவுல வேல ஜாஸ்தி, அதான் வூட்டுக்கு வரல" என்று தெருவெல்லாம் சொல்லியிருக்கிறாள். நிறுத்திவிடலாம் என்றேன். உன் ரெஜினாதான் தடுத்தாள். "அண்ணே, அத கேட்டாதான் ஒரு வாய் சாப்புடுறா."

இப்போது ரெஜினாவுக்குக் கடலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்திருக்கிறது. பிள்ளை கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு வர மறுக்கிறாள். "அங்க அந்த ரேடியோ எடுக்காதும்மா. அப்பா பேசுனா நான் எப்படிக் கேப்பேன்?" ரெஜினா கடைக்கே வந்துவிட்டாள். "நீங்கதான் சொல்லணும்ண்ணே. இந்த வேலயும் போச்சுன்னா நாங்க என்ன பண்றது?"

லால்பேட்டை, ஸ்ரீமுஷ்ணம் என்று எந்த ஊர்க்காரன் வந்தாலும் பேரத்தில் வாயடைத்துப் போனவன் இல்லை நான். கரடியாகப் பேசுவது நான்தான் என்று ஜெனியிடம் சொல்லிவிடத்தான் போனேன். அவள் முந்திக்கொண்டாள். "மாமா, நீங்க ரேடியோவுக்குப் போவீங்கல்ல? எனக்குப் பல்லு வுழுந்துடுச்சுன்னு அப்பாகிட்ட சொல்லுங்க."

"சொல்றேன்டா" என்று வந்துவிட்டேன். அந்தச் சனிக்கிழமை கரடி, "யாருக்கோ பல்லு வுழுந்துடுச்சாமே" என்றது. ஏன் சொன்னேன் மச்சான்? ஒவ்வொரு வாரமும் உள்ளே போய்க்கொண்டே இருக்கிறேன். எந்தப் பக்கம் திரும்பி வெளியே வருவது? நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்?

உன்னிடமிருந்து பதில் வராது. ஆகவே நானே முடிவெடுத்துவிட்டேன். வருகிற சனிக்கிழமை ஜெனியை நிலையத்துக்குக் கூட்டிப்போகிறேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நான் உட்காருவதை அவள் பார்ப்பாள். அழுவாள். என்னை அடிப்பாள். அடிக்கட்டும். பிறகு குழாயை அவள் கையில் கொடுப்பேன், பேசிப் பார்க்கட்டும். அவள் வாயிலிருந்தும் அதே கரடி வரும். கடலூர் பஸ் ஏறும்போது அந்தத் துண்டு அவள் பையில் இருக்கும்.

கடை நிறையக் குழாய் கிடக்கிறது. ஆனாலும் எனக்கென்று இன்னொரு துண்டு வெட்டமாட்டேன். டிவியில் போலவே இங்கேயும் கரடி இனி வாய் திறக்காது. இது நான் உனக்குத் தரும் வாக்கு.

உன் மச்சான்,
ஜெனியின் மாமா,
குழாய்க்கடை முருகையன்