தண்ணீர் தொட்ட புரதம்

செவ்வாயின் நிலவான போபாஸில் உள்ள நிலையம். பதிவு: ஜெசிந்தா பர்னாந்து, புரத ஆய்வாளர்.

நாள் 212, 08:10
கமாலுக்கான இதய மருந்தின் வாரச் சோதனை. இது இங்கேயே தொட்டியில் வளர்க்கும் புரதம். அதன் மடிப்புக்குள் சின்ன நைட்ரைல் ஒட்டு ஒன்றைச் செருகி அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சுகிறோம். ஒட்டு உள்ளே வறண்டு கிடந்தால் வரைபடத்தின் முகடு அலையெண் 2228இல் நிற்கும். மடிப்பு அவிழ்ந்து தண்ணீர் தொட்டால் மேலே ஏறும். அவிழ்ந்த புரதம் மருந்து இல்லை, விஷம்.
திரையில் 2228. நல்லது.

நாள் 212, 11:30
இங்கே என்னைத் தவிர இருப்பவர் பொறியாளர் கமாலுதீன் மட்டும். இன்றைய மருந்துக்காகச் சிகிச்சை அறையில் படுத்திருந்தவர் அங்கிருந்து பேசினார்: "ஜெசி, நெஞ்சுல கல்லு வச்ச மாதிரி இருக்கு. மருந்து ஏத்துன பொறவுதான் இப்படி வருது."
சந்தேகம் தட்டியது. கருவியின் மூலக் கோப்பைத் திறந்தேன். 2236.
திரைக்கு வருமுன் ஏதோ ஒரு நிரல் முகட்டை இழுத்து 2228இல் உட்கார வைக்கிறது. ஐந்து வாரமாக!

நாள் 212, 12:25
பூமியிலிருக்கும் தரைக் கட்டுப்பாட்டுக்கு அனுப்பினேன்: "இன்றைய மருந்தை நிறுத்துங்கள்." அங்கே மருந்துக்குப் பொறுப்பான வேதநாயகம் சாரின் பதில்: "பதறாதம்மா. கருவி லேசா நகர்ந்திருக்கும். இங்க கிராஃப் அச்சடிச்ச மாதிரி சரியா இருக்கு."
கருவி நகரவில்லை. முகடு எங்கே என்று முன்பே தெரிந்த ஒப்பீட்டுக் குப்பியை வைத்துப் பார்த்தேன், இம்மியும் பிசகவில்லை. அதையும் அனுப்பினேன். செய்தி போகப் பதினான்கு நிமிடம், வரப் பதினான்கு. மருந்தை ஏற்றும் பம்பை ஓட்டுவதும் நிறுத்துவதும் அவர்கள் கையில்.

நாள் 212, 12:50
பம்பு ஓட ஆரம்பித்துவிட்டது. மருந்து ஏறும்போது கட்டிலின் கைப்பட்டையும் திறக்காது, ஊசி நழுவக்கூடாதாம்; சிகிச்சை அறைக் கதவும் திறக்காது, கிருமி புகக்கூடாதாம். எந்த மடையன் எழுதிய விதி? ஸ்பானரால் அடிக்கிறேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கமால் என்னையே பார்க்கிறார்.

நாள் 212, 13:20
கதவு திறந்தது. மருந்து தீர்ந்த பிறகு, தானாக.
கமால் இறந்துவிட்டார்.

நாள் 212, 14:05
தரைக்கு எழுதினேன்: "கொன்றுவிட்டீர்கள். அந்த நிரலைப் போட்டவன் யார்? பெயர் வேண்டும்."

நாள் 212, 14:40
வேதநாயகம் சார்: "மன்னிச்சிரும்மா. உன் ரெண்டாவது செய்தி வர்றதுக்குள்ள பம்பை ஓட்டச் சொல்லி கட்டளை போயிருச்சு. ஆனா அந்த நிரல் நாங்களா போட்டதில்ல. நீ கேட்டு எழுதுன கடுதாசி இங்க இருக்கு. உன் கையெழுத்தோட."

நாள் 212, 14:52
தேடினேன். இருக்கிறது.
முகடு துளி விலகினாலும் வரைபடம் மாதிரிப்படி இல்லை என்று திருப்பி அனுப்புவார்கள். ஏழு தடவை திருப்பினார்கள். ஐந்து வாரத்துக்கு முன், எட்டாவது தடவை எரிச்சலில், முகட்டை நீங்களே நேராக்கிக்கொள்ளுங்கள், என்னை வேலை செய்ய விடுங்கள் என்று எழுதியிருக்கிறேன். எழுதியது நினைவில்கூட இல்லை. பாவி.
கமாலின் மனைவி ருக்கையாவிடம் யாரும் பேச வேண்டாம். நானே சொல்கிறேன். என்ன சொல்வேன், உன் புருஷனை நான்