மாடி வழி போன மணப்பெண்ணும் கழகத்தாரும்

அன்பு மகள் தலீலாவுக்கு உன் சித்தப்பா ஸாலிம் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். கதாமிஸில் நாங்கள் எல்லோரும் நல்லபடி இருக்கிறோம், மால்டாவின் கடல் குளிர் உன் நெஞ்சில் இறங்காமல் அல்லாஹ் காக்கட்டும். என் முழங்கால் வலி மட்டும் அப்படியே, இப்படியொரு முழங்காலை லிபியாவிலேயே பார்த்ததில்லை என்று டாக்டரே அசந்துபோனார். நேரத்துக்குச் சாப்பிடு, அந்த ஊர் ரொட்டியை நம்பாதே.

என் மகள், உன் தங்கை ஸக்கிய்யாவின் கல்யாணம் முடிந்தது. முடிவதற்குள் பாரம்பரியக் கழகத்தார் என் உயிரை வாங்கிவிட்டார்கள். பழைய ஊரின் வரலாற்றைக் காக்கிறோம் என்று கிளம்பிய தொப்பைக் கூட்டம், தலைவர் உனக்குப் பூகோளம் நடத்திய உஸ்தாத் அப்துல்மவ்லா. சந்துக்குச் சந்து பலகை அடித்திருக்கிறார்கள், நம் கழுதைக் கொட்டிலுக்கு அறிஞர்கள் கூடம் என்று பேராம், கழுதைகளுக்கு வாய் இல்லாததால் கழகத்தார் பிழைத்தார்கள். ஊரே புது ஊருக்குக் குடிபோய்விட்டதால் பழைய வீட்டுச் சாவிகள் பெரும்பாலும் இப்போது கழகத்திடம்தான். கல்யாணத்துக்கு நம் வீட்டைத் திறந்துவிடச் சொன்னால் தலைவர் ஒரு நிபந்தனை போட்டார், திரிப்போலியிலிருந்து பெரிய மனிதர்கள் கேமராவோடு வருகிறார்களாம், மணப்பெண் தீப்பந்த வெளிச்சத்தில் சந்து வழியே நடந்து மாப்பிள்ளை வீட்டுக்குப் போகவேண்டுமாம். அதான்யா வரலாறு, சின்ன வயசுல நானே பந்தம் புடிச்சிருக்கேன் என்கிறார். அட மடையா, நீ பந்தம் பிடித்தது மாப்பிள்ளைக்கு! கூரை போட்ட சந்து ஆணுக்கு, அதன் மேலே ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும் மொட்டை மாடி பெண்ணுக்கு, மணப்பெண் மாடிக்கு மாடி தாண்டிப் போவாள் என்பது நம் ஊர் ஆட்டுக்குட்டிக்கும் தெரியும். இவர் மேலே ஏறியதில்லை, அதனால் மேலே எதுவும் நடக்கவில்லை என்று முடிவுகட்டிவிட்டார். பெண்களைக் கேட்டீரா என்றால், பொம்பளைங்க பேச்செல்லாம் சான்று ஆகாது என்றார். உன் சித்தி கொதித்துப்போய், அப்ப அந்த ஆளைப் பெத்தவ மாப்பிள்ளை வீட்டுக்குப் பறந்தா போனா என்று கேட்டாள்.

ஸக்கிய்யா பிடிவாதமாக அழுதாள். அம்மா நடந்தா, பெரியம்மா நடந்தா, என்னை மட்டும் கேமராவுக்கு முன்னாடி ஒட்டகம் மாதிரி ஓட்டிட்டுப் போவீங்களா, அப்படின்னா எனக்கு இந்தக் கல்யாணமே வேணாம் என்றுவிட்டாள். தலைவருக்கு இது எட்டியதும் வீட்டைத் திறந்துவிட்டு மாடிப்படிக் கதவுக்கு மட்டும் பூட்டுப் போட்டார். பெரிய மூளைதான். அடுத்த வீட்டு மப்ரூக்கா கழகத்துக்குச் சாவி கொடுக்காதவள், அவள் மாடிப்படி திறந்தே கிடக்கும் என்பது அந்த மூளைக்கு எட்டவில்லை, மருதாணி வைக்கிற சாக்கில் உன் சித்தியும் மற்ற பெண்களும் ஸக்கிய்யாவை அங்கே கூட்டிப்போய்விட்டார்கள்.

பொழுது சாய்ந்து மஃரிப் தொழுதுவிட்டு நாங்கள் ஆண்கள் சந்தில் நின்றோம். என் வெள்ளை அங்கியைப் பார்த்துத் திரிப்போலிக்காரர்கள் நான்தான் கவர்னர் என்று கை கொடுத்தார்கள், நானும் மறுக்கவில்லை. மேளம் முழங்குகிறது, கதவு திறக்கவில்லை. பொண்ணை வரச் சொல்லுங்கய்யா என்று தலைவர் கத்துகிறார். அப்போது தலைக்கு மேலே குலவை! சந்துக் கூரையின் வெளிச்சத் துளை ஒவ்வொன்றிலும் இறங்கி இறங்கி, எங்களைத் தாண்டி மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் போய்விட்டது. ஏறித் தடுங்கடா என்றார் தலைவர். ஆண் கால் மாடியில் பட்டால் ஊர் காறித் துப்பும், நீங்களே ஏறுங்க உஸ்தாத் என்றான் மேளக்காரன். மனுஷன் வாயைத் திறந்தபடி மேலேயே பார்த்துக்கொண்டு நின்றார், கேமரா அதைத்தான் பிடித்தது.

மறுநாள் காலையிலேயே வந்து, ஸாலிமு, எந்த வழியா போனாங்க, வரைபடத்துல போடணும் என்று குழைகிறார். உன் சித்தியைக் கேட்டேன், உங்களுக்கு எதுக்கு அது, டீ ஆறுது குடிங்க என்றாள். எனக்குத் தெரியாதென்று அந்த ஆளிடம் சொல்வேனா? பள்ளிவாசல் மினாராவை வலமாகச் சுற்றி, பேரீச்ச மரங்களுக்கு நடுவே கயிற்றுப் பாலத்தில் ஏறி, காஜியார் வீட்டுப் புறாக்கூண்டு வழியாக இறங்கினார்கள் என்றேன். ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டார். சதுக்கத்தில் பலகை ஏறிவிட்டது, பெண்கள் அதைப் படித்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள்.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல துணையும் தருவானாக. மறந்துவிடாதே, நோன்புப் பெருநாளுக்காவது வந்து சேர். உன் கல்யாணத்துக்கான மாடி வழி தன்னிடம் பத்திரமாக இருப்பதாகச் சித்தி சொல்லச் சொன்னாள். கடிதத்தில் கேட்காதேயாம், வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கவேண்டுமாம்.

உன் நலம் கோரும் சித்தப்பா,
ஸாலிம்