இரண்டு பிரிவுகளுக்கு நடுவே ஒரு முன்பல்

அனுப்புநர்:
துணி வெட்டும் மாஸ்டர், ஆயத்த ஆடைத் தொழிற்சாலை
(இதயப் பிரிவு, பன்னிரண்டாம் படுக்கை நோயாளியின் கணவர்)

பெறுநர்:
மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அவர்கள்

பொருள்: பழுதான பல்லை அகற்றாததால் என் மனைவியின் இதய அறுவை சிகிச்சை தள்ளிப்போவது – உடனடி உத்தரவு வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் மனைவி எங்கள் தொழிற்சாலையில் ஒன்பது ஆண்டுகளாகப் பிசிறு நூல் நறுக்குகிறார். ஆறு பேருக்கு ஒரு கத்தரி. அது கைக்கு வருவதற்குள் துணி குவிந்துவிடும் என்பதால் நூலைப் பல்லால் கடித்துத் துண்டிப்பது அங்கே வழக்கம். "கத்தரிய ஏன் தேடுற, கடிச்சுப் போட்டுட்டுப் போ" என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான். இதை மறைக்க எனக்கு மனமில்லை.

2. சென்ற ஆண்டு அவரது முன்பல் உடைந்து, ஈறு சீழ் வைத்தது. பல்வலிக்கெல்லாம் யார் விடுப்பு தருவார்கள் என்று மாத்திரை போட்டுக்கொண்டே வேலைக்குப் போனார். பிறகு விட்டுவிட்டுக் காய்ச்சல், மூச்சு வாங்கல். சிறுவயதிலேயே பழுதாகியிருந்த அவரது இதய வால்வில், வாயிலிருந்து ரத்தத்தில் கலந்த கிருமி போய் உட்கார்ந்துவிட்டது என்று தங்கள் மருத்துவர் சொன்னார். பல்லுக்கும் இதயத்துக்கும் ஒரே ரத்தம்தான் ஓடுகிறது என்பது அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது.

3. வால்வை மாற்றும் முன், வாய் சுத்தமாக இருப்பதாகப் பல் பிரிவு சான்று தர வேண்டும் என்கிறது இதயப் பிரிவு. பல்லைப் பிடுங்கினால் இதயம் தாங்கும் என்று இதயப் பிரிவு சான்று தர வேண்டும் என்கிறது பல் பிரிவு. பதினொரு நாட்களாக ஒரே காகிதத்துடன் நான் மாடி ஏறி இறங்குகிறேன். இரு பிரிவினரும் என்னிடம் கடுமையாக ஒரு சொல் சொன்னதில்லை. ஆனால் தங்களுக்குள் பேசிக்கொள்வதுமில்லை. இரண்டு இடத்திலும் தொலைபேசி இருக்கிறது ஐயா. அது வேலை செய்வதையும் பார்த்தேன்.

4. நேற்றிலிருந்து அவரால் படுக்க முடியவில்லை. உட்கார்ந்தபடியே மூச்சு விடுகிறார். "நீங்களே ஒரு குறடு எடுத்துப் புடுங்கி விட்டுடுங்களேன்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் வெளியே வந்து அழுதேன்.

ஆகவே, இரு பிரிவு மருத்துவர்களும் இன்றே அவரது படுக்கையருகே ஒன்றாக நின்று முடிவெடுக்க ஆணையிடுமாறு கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

இம்மனு தங்கள் மேசைக்கு வருவதற்குள் பன்னிரண்டாம் படுக்கை காலியாகியிருந்தால், தயவுசெய்து இதை முடிந்த கோப்புகளில் சேர்த்துவிட வேண்டாம். பதினான்காம் படுக்கைப் பெண்ணையும் இன்று காலை பல் சான்று வாங்கி வரச் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பெண்ணுக்காக மாடி ஏறி இறங்க யாருமில்லை.

நாள்: 9, செவ்வாய்க்கிழமை
இடம்: இதயப் பிரிவு வராந்தா

உத்தரவுக்காகத் தங்கள் அறை வாசலில் நிற்கும்,
(கையொப்பம்)
துணி வெட்டும் மாஸ்டர்