நிரஞ்சனாவின் டிஷ்யூ பொட்டலம்

அன்பு மகள் முனீராவுக்கு அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் அம்மாவும் சுவா சூ காங் வீட்டில் சுகமாக இருக்கிறோம், எனக்குப் பத்து நாளாகச் சளி, அதைத் தவிர குறை சொல்ல ஒன்றுமில்லை. கிளாஸ்கோவில் குளிர் குறைந்ததா, ஆஸ்பத்திரியில் இன்னும் நைட் டியூட்டிதானா? போனில் கேட்டால் "ஓகே லா அத்தா" என்று சொல்லி கட் பண்ணிவிடுகிறாய். காகிதத்தைக் கட் பண்ண முடியாது பார், அதனால்தான் எழுதுகிறேன்.

நீ போன பிறகு தேக்கா கடையை விட்டுவிட்டு, செம்பவாங் பக்கம் ஒரு சின்னக் கல்லூரி கேன்டீனில் மீ கோரேங் நூடுல்ஸ் கடை எடுத்தேன் அல்லவா, அங்கே நடந்ததைச் சொல்கிறேன். மொத்தமே முந்நூறு பிள்ளைகள்தான். கேன்டீன் நடுவில் பத்துப் பேர் உட்காரும் நீள மேசை ஒன்று, அதில் சீனியர்கள் மட்டும்தான் உட்காருவார்கள், என்ன சத்தம் என்கிறாய். சின்னக் கல்லூரியில் எல்லாரும் ஒரே குடும்பம் என்று வெளியே சொல்லிக்கொள்வார்கள், ஆனால் அடுப்பு முன்னால் நின்று பார்க்கிறவனுக்கு, தனியாகச் சாப்பிடுகிறவர்கள் பளிச்சென்று தெரிவார்கள். முதல் வருடத்துப் பெண் ஒருத்தி தினமும் தூண் ஓரமாகச் சுவரைப் பார்த்து உட்காருவாள். காரம் குறைவு, முட்டை தனியாக வேண்டும், அதனால் எனக்கு அவள் பெயரே 'முட்டை தனி'தான்.

போன வாரம் வகுப்புகள் முடிந்த நாள், மேசை துடைக்கும் ஆள் லீவு, நானே துணியை எடுத்துக்கொண்டு போனேன். மணி நாலு, கேன்டீனில் ஒருவரும் இல்லை. நீள மேசையில் ஒரே ஒரு டிஷ்யூ பொட்டலம் கிடந்தது. இந்த ஊரில் பிறந்தவன் மேசையில் இருக்கும் டிஷ்யூவைத் தொடலாமா, இடம் பிடித்து வைத்தது என்று சின்னக் குழந்தைக்கும் தெரியுமே. ஆனால் யாரோ மறந்துவிட்டுப் போனது என்று நினைத்தேன், மூக்கு வேறு ஒழுகிக்கொண்டிருந்தது. எடுத்தேன், பிரித்தேன், துடைத்தேன், மிச்சத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். சாயங்காலம் துணி துவைக்கப் பையைக் காலி செய்த உன் அம்மா, "யாருங்க இந்த நிரஞ்சனா, பேரெல்லாம் எழுதிப் பத்திரமா வச்சிருக்கீங்க" என்று கேட்டாள். பொட்டலத்தின் பின்பக்கம் மார்க்கரில் எழுதியிருந்ததை நான் பார்க்கவே இல்லை. இருபத்தாறு வருடத்தில் முதல் தடவையாக என்னைச் சந்தேகப்பட்டிருக்கிறாள், கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மறுநாள் பக்கத்தில் டீ, ஜூஸ் விற்கும் தண்ணீர்க் கடை ஜரீனாவிடம் காட்டினால் அவள் தலையில் கை வைத்துவிட்டாள். படிப்பை முடித்துப் போகிற சீனியர் ஒவ்வொருவரும், ஒரு முதல் வருடத்துப் பிள்ளையின் பெயரை டிஷ்யூ பொட்டலத்தில் எழுதித் தன் இடத்தில் வைத்துவிட்டுப் போவார்களாம். பெயருக்குரியவர் தானாக வந்து எடுத்துக்கொண்டால் அந்த இடம் இனி அவருடையது. யார் எழுதினார்கள் என்று சொல்லக்கூடாது, வந்து எடு என்று கூப்பிடவும் கூடாது. "அந்த நிரஞ்சனாதான் அண்ணே உங்க முட்டை தனி. மத்தவங்க மத்தியானமே எடுத்துட்டாங்க, இது லேப் முடிஞ்சு அஞ்சு மணிக்கு வந்து மேசையைச் சுத்திச் சுத்திப் பார்த்துட்டுப் போச்சு" என்றாள். அவளுக்கு நம்மோடு சேர இஷ்டமில்லை என்று சீனியர்களும், என்னை யாருக்கும் வேண்டாம் என்று இவளும் நினைத்திருப்பார்கள், நடுவில் என் மூக்கு.

மூன்று நாள் அவள் வரவில்லை. நாலாவது நாள் வந்து, கட்டிக்கொண்டு போகத் தாபாவ் கேட்டாள், கையில் ஒரு ஃபாரம். "இன்னைக்குத்தான் கடைசி அங்கிள், காலேஜ விட்டு நின்னுக்கிறேன், வீட்டுலேர்ந்து இவ்ளோ தூரம் வந்து யார்கிட்டயும் பேசாமத் திரும்பிப் போறதுக்கு எதுக்கு வரணும்" என்றாள். அடுப்பை அணைத்துவிட்டுப் பொட்டலத்தை அவள் முன்னால் வைத்து, நடந்ததை ஒன்று விடாமல் சொல்லி, மன்னித்துக்கொள் அம்மா என்றேன். அவள் பெயரைத் தடவிப் பார்த்தாள், பிறகு உள்ளே எண்ணிவிட்டு, மூணு குறையுதே அங்கிள் என்றாள். மூக்கைத் தொட்டுக் காட்டினேன். சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள், அதில் இன்னும் இரண்டு போயிற்று. யார் எழுதினது என்று கேட்டாள், சத்தியமாகத் தெரியாது என்றேன். ஃபாரத்தை ஆபீசில் கொடுக்கவில்லை, கிழிக்கவும் இல்லை, மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். மறுநாள் பரீட்சைக்குப் படிக்க வந்தவர்கள் நீள மேசையில் இருந்தார்கள், இவளும் போய் ஓரத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பேர் நகர்ந்து இடம் விட்டதைப் பார்த்தேன், அதற்கு மேல் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது.

அன்று கடை அடைத்த பிறகு, எம்ஆர்டி ரயிலில் உட்கார்ந்து நீ இந்த எட்டு மாதத்தில் அனுப்பிய மெசேஜையெல்லாம் முதலிலிருந்து படித்தேன். பனி இருக்கிறது, பஸ் இருக்கிறது, டியூட்டி இருக்கிறது, சோறு குழைந்துபோனதுகூட இருக்கிறது. ஒரு மனுஷர் பெயர் இல்லை. எனக்குப் பயமாகிவிட்டது, முனீரா. ஊரார் பிள்ளை யாரோடு சாப்பிடுகிறாள் என்று கவனித்தவன், உன்னை ஒரு நாளும் கேட்கவில்லை.

அல்லாஹ் உன்னை எல்லாத் தீங்கிலிருந்தும் காத்து, ஆயுளையும் ஆரோக்கியத்தையும் தருவானாக. அம்மா ஸலாம் சொல்லச் சொன்னாள், தலையைத் துவட்டாமல் வெளியே போகாதே என்றும் சொன்னாள். பதில் எழுதும்போது ஒரு பெயர் எழுது, யார் எவர் என்று கேட்க மாட்டேன். எழுத ஒரு பெயரும் இல்லையென்றால், இல்லை அத்தா என்று எழுது. ஓகே லா என்று மட்டும் எழுதாதே.

இப்படிக்கு,
உன் அத்தா
அப்துல் அலீம்